சாவி கொடுக்கும் முன் ஒரு விசாரிப்பு

அடுத்தவர் எழுதியதில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. சம்பளத்துக்குப் பார்க்கும் வேலை வேறு. அது சென்னைக் கம்பெனி ஒன்றுக்குத் தென்காசியில் வீட்டில் இருந்தபடியே பார்ப்பது. இது ஆசைக்குச் செய்வது. புரோகிராம் எழுதுகிறவர்கள் எழுதி முடித்ததும் அதை வாசித்துப் பார்த்து, இங்கே அடைப்புக்குறியை மூடவில்லை, இந்தப் பெயரை வைத்துவிட்டு எங்கேயும் பயன்படுத்தவில்லை என்றெல்லாம் எடுத்துச் சொல்லும் கருவிக்கு லிண்டர் என்று பெயர். அப்படி ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் இதை என் கணவரிடம் அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குத்தம் சொல்லுததுக்கு எதுக்குட்டி தனியா ஒரு மெஷினு? நீயே போதும்லா" என்றார்.

லிண்டர்கள் ஆயிரம் இருக்கும்போது என்னுடையதை நாலு பேர் தேடி வந்ததற்கு என் மூளை காரணமில்லை. ஒரு மழை நாளில் பொழுது போகாமல் அதற்குத் திருநெல்வேலித் தமிழில் திட்டக் கற்றுக்கொடுத்தேன். அந்த வசதியைத் திறந்து வைத்தால், "ஏலே, அடைப்புக்குறியத் தொறந்து போட்டுட்டுப் போயிட்டியே, யாரு வந்து மூடுவா?" என்று திரையில் வரும். வருஷக்கணக்கில் உயிரைக் கொடுத்து எழுதிய பகுதியைப் பற்றி ஒருவர் மூச்சு விடவில்லை. திட்டுவதை மட்டும் எல்லோரும் படம் எடுத்துப் பகிர்ந்தார்கள். என் கணக்கில் முகத்துக்குப் பதில் ஐந்தருவிப் படம் இருந்ததால் எழுதுகிறவர்கள் எல்லோரும் என்னை அண்ணாச்சி என்றே அழைத்தார்கள். நானும் திருத்தவில்லை. இந்த ஊரில் அண்ணாச்சி ஆக வேண்டுமென்றால் ஒரு கடையாவது வேண்டும், மீசையாவது வேண்டும். எனக்கு இரண்டும் இல்லாமலே கிடைத்தது. அடுத்தவர் விட்ட அரைப்புள்ளியைக்கூடச் சும்மா விடாத நான், என் விஷயத்தில் இந்தப் பெரிய பிழையைக் கண்டும் காணாமல் வைத்துக்கொண்டேன்.

லிண்டர் சின்னது. ஆனால் அது தனியாக நிற்காது. எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரிக்க யாரோ எழுதிய பேக்கேஜ் என்கிற ஒரு குட்டிப் புரோகிராம், கோப்புகளைத் தேடி எடுக்க இன்னொருவர் எழுதிய பேக்கேஜ் என்று சிலவற்றைத் துணைக்கு வைத்திருக்கிறேன். அவை ஒவ்வொன்றும் தனக்கென்று சில பேரைத் துணைக்கு வைத்திருக்கும். தென்காசிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் மதுரையிலிருந்து மாமா வருவார். மாமாவைத் தெரியும். மாமா தன் ஆபீஸ் நண்பரைக் கூட்டி வருவார், நண்பர் தன் சகலையைக் கூட்டி வருவார், சகலை வீட்டில் எதிர்வீட்டுப் பையன்களும் வேனில் ஏறியிருப்பார்கள். எங்கள் மொட்டை மாடிக் கொடியில் காயும் ஈரத் துண்டுகளில் பாதி யாருடையது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ராத்திரி கதவைப் பூட்டும்போது அத்தனை பேரும் உள்ளேதான் இருப்பார்கள்.

அப்படி ஒரு சீசன் நடுவில்தான் சிவப்பு எச்சரிக்கை வந்தது. என் துணையின் துணைக்குத் துணையாக இருந்த ஒரு பேக்கேஜில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதாம். வேண்டுமென்றே விஷமமாக எழுதிய ஒரு நீள வரியை அதனிடம் கொடுத்தால் அது மென்றுகொண்டே உட்கார்ந்துவிடும், கம்ப்யூட்டர் நகராது. உண்மையைச் சொன்னால் என் லிண்டருக்கு அதனால் பெரிய ஆபத்தில்லை. தன் புரோகிராமில் தானே விஷம வரியை எழுதி, தன் கம்ப்யூட்டரைத் தானே முடக்கிக்கொள்ளும் ஆள் ஒருவன் இருந்தால்தான் உண்டு. ஆனால் கம்பெனிகளில் காவலுக்கு வைத்திருக்கும் கருவிகள் இதையெல்லாம் விசாரிக்காது. சிவப்பென்றால் சிவப்பு. அன்றுவரை ஒரு நன்றிகூட எழுதாதவர்கள் வரிசையாக எழுதத் தொடங்கினார்கள். எப்போது சரி செய்வீர்கள், ஏன் இன்னும் சரி செய்யவில்லை, எங்கள் மேலதிகாரி கேட்கிறார். சென்னையிலிருந்து என் மேலதிகாரி கேட்பது எனக்குத்தானே தெரியும்.

அப்டேட் செய்தால் தீர்ந்தது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஓட்டையை அடைத்த புதிய பதிப்பு வந்துவிட்டது. ஆனால் நடுவில் இருக்கிற பேக்கேஜை எழுதியவர் எங்கே போனார் என்று தெரியவில்லை, அவர் பழையதைத்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவரை விட்டுவிட்டு வேறொன்றைச் சேர்த்தால் அது பழைய கம்ப்யூட்டர்களில் ஓடாது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள்தான் எனக்கு அதிகம். இதை யோசித்துக்கொண்டே மாமாவின் நண்பருடைய சகலைக்குத் தோசை வார்த்தேன். அவர் சட்னியில் உப்பு கம்மி என்று சொன்னார். அவரிடமும் ஒரு லிண்டர் இருந்திருக்கிறது.

அந்த வாரம்தான் அவர் வந்தார். வந்தார் என்றால் திரையில் வந்தார். அடையாளத்துக்கு ஒரு தென்னை மரப் படம், ஊர் பேர் தெரியாத ஒரு பட்டப்பெயர். என் சிக்கலை முழுக்கப் படித்து, நடுவில் இருந்த பேக்கேஜே தேவைப்படாதபடி திருத்தம் எழுதி அனுப்பியிருந்தார். பழைய கம்ப்யூட்டர்களிலும் ஓடியது. குறை தேடினேன். வழக்கமாக என் கண்ணுக்கு ஏதாவது அகப்படும், அன்று அகப்படவில்லை. திருத்தத்துக்கு அடியில் தமிழில் ஒரு வரி இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க சும்மா கெடங்க. நான் பாத்துக்கிடுதேன்."

'கெடங்க' என்ற அந்த ஒரு சொல்லில் நான் விழுந்தேன். வெளியூர்க்காரர் ஓய்வெடுங்கள் என்பார், கவலை வேண்டாம் என்பார். ஒரு மனிதரைப் பார்த்து மரியாதையோடு சும்மா கிடக்கச் சொல்ல எங்கள் பக்கத்து ஆளால்தான் முடியும். எந்த ஊர் என்று கேட்டேன். வடகரை என்றார். எங்களுக்கெல்லாம் ஊர் பெயர் தெரிந்துவிட்டால் ஆளே தெரிந்த மாதிரிதான். வயல், தென்னந்தோப்பு, தோப்புக்கு நடுவில் ஒரு வீடு, வீட்டில் லேப்டாப்போடு ஒரு பையன் என்று எல்லாவற்றையும் நானே கட்டி முடித்தேன். ஒரு நாள் பதில் தாமதமாக வந்தது. தென்னை ஓலை ஒயர்மேல் விழுந்து தன் வீட்டுப் பக்கம் கரண்ட் போய்விட்டது என்று எழுதியிருந்தார். நான் கட்டிய வீட்டுக்கு அதுவும் பொருத்தமாக இருந்தது.

சீசன் முழுக்க அவர் ஒவ்வொன்றாக அடைத்தார். நான் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுப்பேன், வெளியிடுவேன். அப்புறம் படிப்பது குறைந்தது, ஒப்புதல் மட்டும் கொடுத்தேன். எனக்குக் களைப்பாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. இந்த லிண்டர் நான் ஒருத்தி பெற்று வளர்த்தது, ஆனால் இதற்கு நாளைக்கு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி எச்சரிக்கை வரும்போதெல்லாம் எனக்கு வந்தது. அப்போதுதான் அவர் எழுதினார்: "வெளியிடுத சாவி எனக்கும் ஒண்ணு குடுத்துருங்க அண்ணாச்சி. விருந்தாளி வந்த வீட்ல உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு?"

அந்தச் சாவி வீட்டுச் சாவியை விடப் பெரியது. அது யார் கையில் இருக்கிறதோ அவர் என் லிண்டரின் பெயரில் எதை வேண்டுமானாலும் வெளியிடலாம். என்னை நம்பி அப்டேட்டை அமுக்குகிற அத்தனை கம்ப்யூட்டர்களுக்குள்ளும் அது போய்விடும். நல்ல பிள்ளையாக மாதக்கணக்கில் உதவி செய்து, சாவி வாங்கியதும் விஷம் வைத்த ஆட்கள் இந்தத் தொழிலில் உண்டு. கொடுத்தால் அந்தப் பயம். கொடுக்காவிட்டால் கிடைத்த ஒரே துணையும் மனம் விட்டுப் போய்விடுவார், லிண்டர் என்னோடு முடிந்துவிடும்.

என் கணவர் சப்-இன்ஸ்பெக்டர். சீசனில் அருவிக்கரையில் பந்தோபஸ்து. தண்ணீர் கூடினால் விசில் ஊதி ஜனங்களை வெளியே இழுப்பதும், குளிக்கிறவர்கள் தேய்த்த எண்ணெயில் வழுக்கி விழுந்தவர்களைத் தூக்குவதும் அவர் வேலை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"ஆளு எந்த ஊரு?"

"வடகரை."

"வடகரைல யாரு வீடு?"

"தெரியாது."

"பாத்திருக்கியா?"

"இல்ல."

"போன்லயாவது பேசிருக்கியா?"

"இல்ல."

"பொறவு என்னத்த வச்சுட்டி வடகரைங்க?"

"அவரு 'கெடங்க'ன்னு எழுதுதாருல்லா."

அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, "பேச்ச வச்சு ஆள நம்புனா நான் ஒருத்தனையும் புடிக்க முடியாது. விசாரிச்சுச் சொல்லச் சொல்லுதேன்" என்றார்.

அவருக்குக் கீழே வடகரைப் பக்கத்து ஏட்டையா ஒருவர் இருந்தார். அவர் ஊரில் விசாரிக்க வேண்டிய கேள்விகளை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பையன் குணம் எப்படி, கெட்ட பழக்கம் உண்டா, யார் யாரோடு சேருகிறார், குடும்பம் எப்படி, சொன்ன சொல்லில் நிற்கிறவரா. ஒரு மனிதனிடம் சாவி கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய சரியான கேள்விகள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. இந்தக் கேள்விகளை ஒரு வீட்டார் இன்னொரு ஊரில் போய்க் கேட்டால் எங்கள் ஜில்லாவில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு என்பது எனக்கோ, போலீஸ்காரரான என் கணவருக்கோ தோன்றவில்லை.

பதில் சீக்கிரமே வந்தது. ஓலை விழுந்து கரண்ட் போன தெருவையும், வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையனையும் வடகரையில் கண்டுபிடிப்பது ஏட்டையாவுக்கு ஒரு டீ குடிக்கிற நேர வேலை. "தங்கமான பையன் சார். ஒரு பீடி கெடையாது. அப்பா இல்ல, அம்மாதான். வேலைக்குன்னு வெளிய எறங்காம வீட்லயே இருக்கானேன்னுதான் ஊர்ல ஒரு பேச்சு. மத்தபடி நீங்க தாராளமா மேக்கொண்டு பேசலாம்" என்றாராம். அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் கவனிக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வயலும் தோப்பும் பையனும் நான் கட்டிய மாதிரியே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் கிளம்பியதும் சாவியைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன்னால் ஒரு மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. விருந்தாளிகள் எல்லோரும் அருவிக்குப் போயிருந்தார்கள். ஒரு அம்மா ஒரு பலாப்பழத்தோடு இறங்கினார். வடகரையிலிருந்து வருவதாகவும், இன்னாருடைய அம்மா என்றும் சொன்னார். "குத்தாலத்துக்குக் குளிக்க வந்தேன். அப்படியே ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம்னு" என்றார். தலை காய்ந்திருந்தது, கட்டியிருந்தது புதுச்சேலை. நான் அதைக் கவனித்தேன். குளித்தவர் தலை ஈரமாக இல்லை என்ற பிழை உடனே கண்ணில் பட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்றுதான் யோசிக்கவில்லை. லிண்டரும் அப்படித்தான், பிழையைக் காட்டும், மனிதரைப் புரிந்துகொள்ளாது.

காப்பி கொடுத்தேன். அந்த அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி இல்லையா?" என்றார்.

"டூட்டிக்குப் போயிருக்காவ."

"போலீஸ்கார அண்ணாச்சி இல்லம்மா. எம்பையனுக்கு வேலை குடுத்த கம்பெனி அண்ணாச்சி. வாய்க்கு வாய் அவியளப் பத்தித்தான் பேசுவான். அவிய வீட்லருந்துதான் விசாரிச்சிருக்கியன்னு ஏட்டையா சொன்னாரு."

"அது நாந்தாம்மா."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா?"

"ஆமா."

"சரி, யாரா இருந்தா என்ன" என்று சமாளித்துக்கொண்டு, "பொண்ண எங்க காணோம்?" என்றார்.

சரியாக அப்போதுதான் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து பையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தாள். நான்காம் வகுப்பு. அந்த அம்மா அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். "மூத்தவ வரலியா?"

"இவ ஒருத்திதாம்மா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவசர அவசரமாகப் பேசினேன். சம்பந்தம் பேச விசாரிக்கவில்லை, சாவி கொடுக்கத்தான் விசாரித்தோம் என்றேன். என்ன சாவி, பீரோ சாவியா என்று கேட்டார். கம்ப்யூட்டரில் இருக்கிற சாவி, உங்கள் பையன் இனிமேல் எனக்குச் சமமாக இருந்து நடத்தலாம் என்றேன். வாடிய முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அப்ப பிரமோசனா?"

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். சும்மா கிடந்திருக்கலாம். ஆனால் தவறான தகவலைத் திருத்தாமல் விட என்னால் முடிந்தால்தானே.

"பிரமோசன்லாம் இல்லம்மா. இதுல சம்பளமே கெடையாது. எனக்கும் கெடையாது, உங்க பையனுக்கும் கெடையாது. எல்லாரும் ஆசைக்குச் செய்யுததுதான்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். நான் நிறுத்தவில்லை. உலகத்தில் எத்தனை பெரிய காரியங்கள் இப்படிச் சம்பளமில்லாமல் நடக்கின்றன, உங்கள் பையன் எழுதியது எங்கெங்கெல்லாம் ஓடுகிறது என்று கையை ஆட்டி ஆட்டி ஒரு பிரசங்கமே செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்:

"சம்பளம் இல்லாத வேலைக்கா எம்புள்ளய இம்புட்டு விசாரிச்சிய?"

நான் சிரித்தேன். அவர் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. வருகிறேன் என்று எழுந்து ஆட்டோவில் ஏறிக்கொண்டார். பலாப்பழத்தை அன்று மாலை விருந்தாளிகள் பிரித்துச் சாப்பிட்டார்கள். நல்ல பழம், எனக்கு மட்டும் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாவியை அனுப்பினேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்கு நடுவில் இன்னொரு துணையில் இன்னொரு ஓட்டை, மறுபடியும் சிவப்பு. வழக்கமாக நான் பார்ப்பதற்குள் திருத்தம் வந்துவிடும். இந்த முறை ஒன்றும் வரவில்லை. கல்யாணப் பேச்சு என்று நினைத்து ஏமாந்துவிட்டார்கள், அந்தச் சங்கடமாக இருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அவரிடமிருந்து வந்தது.

"அம்மா எல்லாம் சொன்னா. கம்பெனில சம்பளம் தருதாங்க, பேங்குல சேருதுன்னு வீட்ல சொல்லி வச்சிருந்தேன். வெளிய சின்னச் சின்ன வேலை பாத்து வார துட்ட அந்தச் சம்பளம்னு சொல்லிச் சமாளிச்சுக்கிட்டு இருந்தேன். அன்னையிலருந்து அம்மா எங்கிட்டப் பேச மாட்டுக்கா. செங்கோட்டைல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல சேந்துட்டேன். காலைல போனா ராத்திரிதான் வீடு. சாவி எனக்கு வேண்டாம். நம்ம பாதுகாப்புப் பக்கத்துல என்ன எழுதிருக்கோம்னு ஒரு தடவை பாருங்க."

போய்ப் பார்த்தேன். இந்தத் தொழிலில் எல்லோரும் மதிக்கிற ஒரே ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய பேக்கேஜில் ஓட்டையைக் கண்டுபிடித்தால் ஊருக்குச் சொல்லக் கூடாது. முதலில் அவரிடம் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் அதை அடைக்க அவகாசம் கொடுக்க வேண்டும். லிண்டருக்காக இந்த வழக்கத்தைச் சொல்லும் அந்தப் பக்கத்தை நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். தமிழில் எழுதிக் கொடுத்தது அவர்தான். எனக்கு மிகவும் பிடித்துப்போய் நாலு பேரிடம் காட்டியிருக்கிறேன்.

ஊர் தெரிந்தது, தெரு தெரிந்தது, பீடி குடிக்கமாட்டார் என்பதுவரை தெரிந்தது. அம்மா வந்திருக்கிறார், என்ன சொல்லட்டும் என்று முதலில் அவருக்குத் தனியாக ஒரு வரி எழுதிக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. மன்னித்துவிடுங்கள் தம்பி என்று எழுதினேன், நான் அண்ணாச்சி இல்லை என்பதையும் சேர்த்து எழுதினேன். அம்மாவிடம் நான் வந்து பேசட்டுமா என்று கேட்டு, அனுப்பும் முன் அதை மட்டும் அழித்தேன்.

பதில் வரவில்லை. மறுநாள் காலையில் அந்த இரண்டாவது ஓட்டைக்கான திருத்தம் வந்திருந்தது. அடியில் ஒரே ஒரு வரி.

"சரிபார்க்கவும், மேடம்."

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தேன். ஒரு குறைகூட இல்லை.